டிஸ்க்கில் வைத்த சந்தனப் பொட்டு

எனக்குத் தொழில் மோட்டார் ரிப்பேர். உத்திரமேரூரைச் சுற்றி எந்த ஊரில் கிணற்று மோட்டார் நின்றாலும் போர் மோட்டார் புகைந்தாலும் எனக்குத்தான் போன் வரும். காயில் கட்டுவேன், பேரிங் மாற்றுவேன், நூறடி பைப்பை மேலே இழுத்து மறுபடியும் உள்ளே இறக்குவேன். இருபது வருடமாக இந்தக் கையில் கிரீஸ் ஒட்டாத நாள் இல்லை. அதனாலேயே எந்த மெஷினைப் பார்த்தாலும் எனக்கு ஒரே வைத்தியம்தான் தோன்றும். எண்ணெய் விடு. கீச்சென்றால் எண்ணெய், இறுகினால் எண்ணெய், சுற்ற மறுத்தால் எண்ணெய். "உனக்கு ஜொரம் வந்தாகூட காதுல ரெண்டு சொட்டு உட்டுக்குவ போல கீதே" என்பாள் என் மனைவி.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். தப்பு என்று ஒன்று நடந்தால் அதை வேறு யாரோதான் செய்திருப்பார்கள். கரண்டு சரியில்லை, கடைக்காரன் கொடுத்த சாமான் சரியில்லை, தண்ணீரில் உப்பு அதிகம். காரணம் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. இது பெருமைக்காகச் சொல்வதில்லை. பின்னால் நடந்ததைச் சொல்ல இது தெரிந்திருக்க வேண்டும்.

சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தது மகளால். அவள் காஞ்சிபுரம் பக்கம் ஏனாத்தூரில் காலேஜ் படிக்கிறாள். அங்கே மேல் வகுப்பில் படித்த வடநாட்டு மாணவன் ஒருவன், படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது தன் சைக்கிளை மலிவாகத் தள்ளிவிட்டுப் போனான். பைப் ஏற்றி வந்த டெம்போவில் அதையும் போட்டுக்கொண்டு வந்து இறக்கினேன். கறுப்பும் பச்சையுமாக, எருமை மாதிரி தடித்த டயர், முன்னால் மூன்று பின்னால் ஏழு என்று கியர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்.

"மௌன்டன் பைக்குப்பா" என்றாள் மகள்.

எங்கள் பக்கத்தில் ஏரிக்கரையை விட்டால் மேடென்று சொல்ல எதுவும் கிடையாது. இருந்தாலும், தொப்பையைக் குறைக்க ஆகுமே என்று எனக்காகத்தான் அதை வாங்கினேன். மனைவி அதைச் சுற்றி இரண்டு முறை வந்தாள். ஹேண்டிலைத் தொட்டாள். பெல்லை அடித்துப் பார்த்தாள். பிறகு, "இத்த எனக்குக் கத்துக்குடு" என்றாள்.

அவளுக்கு அப்போதுதான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் இடத்தில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. வருஷக்கணக்காக மனுப் போட்டுக் கிடைத்த வேலை. ரோட்டு வழியாகப் போனால் இரண்டு பஸ் மாற வேண்டும். ஏரிக்கரை மேல் போனால் மூன்று கிலோமீட்டர்தான். காலையில் நான்தான் பைக்கில் கொண்டுபோய் விடுவேன். ஆனால் எனக்கு வருகிற போன்கள் எல்லாம் விடியற்காலையில்தான் வரும். "தண்ணி ஏறலண்ணா, பயிரு காயுது" என்று ஒருத்தன் அழுதால் நான் போய்விடுவேன். அன்றைக்கெல்லாம் அவள் நடந்துதான் போக வேண்டும். உலை வைக்க நேரமாகிவிடும். இரண்டு முறை அங்கே பேச்சு வாங்கினாள். சாப்பாட்டுத் தட்டை வைத்த சத்தத்திலேயே எனக்குப் புரிந்தது.

சைக்கிள் அவள் மனசில் இருந்த பழைய விஷயம். பத்தாவதோடு அவளை நிறுத்திவிட்டார்கள். கூடப் படித்த பெண்கள் பதினொன்றாவது போய் அரசாங்கச் சைக்கிள் வாங்கினார்கள். "ஒரே ஒரு வருஷம் சேத்துப் படிச்சிருந்தா ஒரு சைக்கிளு கெடச்சிருக்கும்" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் கல்யாணம் ஆனதிலிருந்து எத்தனை தடவை அதைச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தால், அது சிரிக்கிற விஷயம் இல்லை.

சரி, நெல் காயப்போடும் களத்தில் வைத்துக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். மூன்று நாள்தான். மூன்று நாளும் கத்தினேன். "நேராப் பாரு, நேராப் பாரு, கீழ இன்னா காசா கொட்டிக் கெடக்குது?" என்று நான் கத்தக் கத்த அவள் ஹேண்டில் ஆடும். நாலாம் நாள் அவள் என்னைக் கூப்பிடவில்லை. நானும் அப்பாடா என்று விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் வாசலில் பெல் சத்தம். மகளுடைய பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். களத்தில் தனியாகவே ஓட்டிப் பழகியிருக்கிறாள்.

"நீ கத்தலன்னா சீக்கிரமா வருது" என்றாள்.

ஓட்டுவதில் அவள் நிதானம் எனக்கே பொறுக்காது. தூரத்தில் ஒரு ஆடு தெரிந்தால் போதும், பிரேக்கைத் தொட்டுவிடுவாள். ஏரிக்கரையிலிருந்து மதகுப் பக்கம் இறங்குகிற சரிவு ஒன்று உண்டு. கீழே போய் வாய்க்காலை ஒட்டி இடது பக்கம் சட்டென்று திரும்ப வேண்டும். அந்த இடத்தில் மேலேயே பிரேக்கைப் பிடித்து, ஆமை மாதிரி இறங்குவாள். பின்னால் பைக்கில் வரும் நான் ஹாரன் அடித்துக் கிண்டல் பண்ணுவேன். அவள் சட்டை செய்ய மாட்டாள்.

வண்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன். மோட்டாரையே பிரித்து மேய்கிறவனுக்குச் சைக்கிள் எம்மாத்திரம்? கரை நெடுக சீமைக்கருவேல முள். முதல் மாதத்தில் மட்டும் ஐந்து பஞ்சர். அவள் அரிசி களையும் பேசினில் ட்யூபை முக்கிக் குமிழி பார்த்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். கியர் சரியாக ஏறவில்லை என்று பின்னால் இருந்த கியர் மாற்றியைக் கழற்றினேன். உள்ளேயிருந்து ஒரு ஸ்பிரிங் எகிறி மாட்டுக் கொட்டகைக்குள் போய் விழுந்தது. வைக்கோலுக்குள் தேடி எடுத்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தபோது இரண்டு வாஷர் மிச்சம் இருந்தது.

"இது எங்க போவணும்?" என்றாள்.

"கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா போட்டுக்கீறான்" என்றேன்.

மறுநாள் செயின் கழன்றது. மூன்று தடவை. அவள் ஒரு குச்சியை வைத்துத் தானே மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கையெல்லாம் கறுப்போடு போனதால் சோற்றைத் தொடுவதற்கு முன் சிகைக்காய் போட்டுத் தேய்த்தேன் என்று சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. எனக்கு அன்றைக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது.

புரட்டாசியில் ஒரு புதுத் தொல்லை. பிரேக்கைப் பிடித்தால் கீச்சென்று ஒரு சத்தம். தூசியும் ஈரமும் சேர்ந்தால் டிஸ்க் பிரேக் அப்படிக் கத்தும் என்பதெல்லாம் இப்போது தெரியும், அப்போது தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தச் சத்தம் கேட்டதும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள் என்று சிரித்தாள். ஆனாலும், "ஊரே திரும்பிப் பாக்குது, இன்னான்னு பாரேன்" என்றாள். பூஜைக்கு வண்டியைக் கழுவும்போது பார்த்துவிடலாம் என்றேன்.

ஆயுத பூஜை எங்கள் வீட்டில் பொங்கலைவிடப் பெரிசு. ஸ்பேனர், செயின் பிளாக், காயில் சுற்றும் மெஷின், பைக் என்று எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக நிற்கும். அந்த வருஷம் வரிசையின் தலைமாட்டில் சைக்கிளை நிறுத்தினேன். பள்ளிக்கும் விடுமுறை. சோப்புத் தண்ணீரில் கழுவி, வேட்டித் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு இண்டு இடுக்கு விடாமல் துடைத்தேன். அந்தச் சைக்கிளிலேயே அழகான பாகம் சக்கரத்தின் நடுவில் இருக்கும் அந்த இரும்புத் தட்டுதான். டிஸ்க்கு. பிரேக்கை அழுத்தினால் இரண்டு சின்னக் கட்டைகள் அந்தத் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும், சக்கரம் நிற்கும். அந்தத் தட்டை எண்ணெய் போட்டுத் தேய்க்கத் தேய்க்க முகம் தெரிந்தது. கீச்சுச் சத்தத்துக்கு வைத்தியமாகக் கட்டைகளின் இடுக்கிலும் நாலு சொட்டு விட்டேன். முன்னால் நாலு, பின்னால் நாலு. சக்கரத்தைச் சுற்றினேன். சத்தம் போயே போச்சு.

பிறகு சந்தனத்தைக் குழைத்து அந்தத் தட்டிலேயே சுற்றி மூன்று இடத்தில் பொட்டு வைத்தேன். நடுவில் குங்குமம். மனைவி கற்பூரத் தட்டோடு வந்து நின்றாள்.

"அந்தத் தட்டுல பொட்டு அயகா கீதுய்யா" என்றாள்.

கற்பூரம் காட்டினோம். பூசணிக்காய் உடைத்தேன். பூஜையில் வைத்ததை உடனே எடுத்து வேலை செய்யக் கூடாதென்பது எங்கள் வழக்கம். அதனால் சைக்கிள் அப்படியே மாலையோடு நின்றது. எண்ணெய் கட்டைகளுக்குள் நன்றாக ஊற நேரம் கிடைத்தது.

பள்ளி திறந்த புதன்கிழமை காலையில் நான் ஒரு போரில் பைப்பைப் பாதி தூக்கி வைத்திருந்தேன். போன் வந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பேசினார்கள். என் மனைவி மதகுச் சரிவில் விழுந்துவிட்டாள், வாய்க்காலில் கிடந்தாள், சைக்கிளோடு தூக்கி வந்து வீட்டில் விட்டிருக்கிறோம் என்றார்கள். பாதி தூக்கிய பைப்பை விட்டால் உள்ளே போய்விடும். அதைக் கட்டி நிறுத்திவிட்டு நான் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. முகவாயில் ரத்தம் காய்ந்திருந்தது. வலது கை மணிக்கட்டு கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது.

"பிரேக்கு புடிக்கலய்யா" என்றாள்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையைப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். நான் நேராகச் சைக்கிளிடம் போனேன். முன் சக்கரத்தைத் தூக்கினேன், கையால் சுற்றினேன், பிரேக்கை அழுத்தினேன். நின்றது. பின் சக்கரத்தையும் அப்படியே செய்தேன். அதுவும் நின்றது. கையால் சுற்றுகிற சக்கரம் எண்ணெய்த் தட்டிலும் நிற்கும், ஆள் ஏறிச் சரிவில் இறங்குகிற சக்கரம் நிற்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் கையால் பார்த்த வண்டியாச்சே.

"பிரேக்கெல்லாம் நல்லாத்தான் கீது. நீ பயந்துக்கினு ஹேண்டில கெட்டியா புடிச்சிருப்ப. பிரேக்க புடிச்சிருக்க மாட்ட" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். "அப்டியா" என்றாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இன்றைக்கு இவ்வளவு உறுத்தாது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான், இரண்டு வாரம் கையை அசைக்காதே என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அக்கம்பக்கம் வந்து பார்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? "இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். முன்பெல்லாம் அப்படிச் சொன்னால் வாங்கு வாங்கென்று வாங்குவாள். இப்போது, "ஆமா, எனக்கு அது வராது, கையி நேரத்துக்கு ஒயைக்க மாட்டேங்குது" என்று அவர்களோடு சேர்ந்து தலையாட்டினாள். சைக்கிளை யூரியா சாக்கால் மூடிக் கொட்டகையில் தள்ளச் சொன்னாள். பள்ளியில் அவளுக்குப் பதிலாக வேறொரு பெண்ணை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். திரும்ப வருகிறாயா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

"முடியாதுன்னு சொல்லிடப் போறேன். உன்ன எதிர்பாத்துக்கினு எத்தினி நாளு ஓட்டறது? எனக்கோ வண்டி வராது" என்றாள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது மகளுடைய அந்தச் சுடிதாரை ஒற்றைக் கையால் மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் மடித்தால் மறுபக்கம் அவிழும். முழங்காலால் அழுத்திப் பிடித்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன். ஆனாலும் அப்போதும் நான் நினைத்தது, பாவம், பயந்துவிட்டாள் என்றுதான்.

சனிக்கிழமை காலையில் என் பைக் பஞ்சர். அவசரத்துக்குச் சாக்கை எடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். கடைத் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு கோழி குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். வண்டி அது பாட்டுக்குப் போனது. இன்னும் அழுத்தினேன். ஏதோ வெண்ணெயைப் பிடித்த மாதிரி வழுக்கிக்கொண்டு போய்க் கரண்டுக் கம்பத்தை ஒட்டி நின்றது. காலை ஊன்றினபடி ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

அன்றைக்குக் காப்பர் ஒயர் வாங்கக் காஞ்சிபுரம் போக வேண்டியிருந்தது. பைக்குக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு, சைக்கிளின் பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பேப்பரில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அங்கே ஒரு கியர் சைக்கிள் கடையில் காட்டினேன். கடைக்காரர் கட்டையை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"தேங்கா எண்ண வாசன வருதே. இதுல யாரு எண்ண உட்டது?" என்றார்.

வாய் தானாகப் பேசியது. "வூட்ல... தெரியாம உட்டுட்டாங்க."

"லேடீஸுக்கு இன்னாங்க தெரியும். இதுல ஒரு சொட்டு எண்ண பட்டாலும் பிரேக்கு அவுட்டு. ஆளு தப்பிச்சாங்களே, அதச் சொல்லுங்க. வேற கட்ட மாட்டிட்டு, டிஸ்க்க ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சிடுங்க."

நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். புதுக் கட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மாகறல் வரும்வரை எதுவும் தோன்றவில்லை. செய்யாற்றுப் பாலத்தருகே வண்டியை ஓரம் கட்டி உட்கார்ந்தேன். விழுந்தது அவள். கையை முறிக்கப் பார்த்தது நான். பழியை முதலில் அவள் பயத்தின் மேல் போட்டேன், இப்போது முன்பின் தெரியாத ஒருவரிடம் அவள் எண்ணெய் விட்டதாகவும் சொல்லிவிட்டேன். சீ என்று ஆகிவிட்டது. என்னை நினைத்து நானே வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் அவள் இடது கையால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"பிரேக்குல எண்ணய உட்டது நான்தான்மே. பூஜை அன்னிக்கி. அதான் புடிக்கல. உன் மேல தப்பில்ல" என்றேன்.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிரித்தாள். "சொம்மா இரு."

"நெசமாத்தான். கடக்காரரே சொன்னாரு."

"கல்யாணம் ஆயி இத்தினி வருஷத்துல ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு, நான்தான் பண்ணேன்னு நீ ஒத்துக்கினு கீறியா? கொயம்புல உப்பு நீ போட்டிருந்தாகூட உப்பு மேலதான தப்பு சொல்லுவ. இப்ப மட்டும் இன்னா வந்துச்சு? நான் வேலைய உட்ருவேன்னு சமாதானத்துக்குச் சொல்ற. தெரியாதா எனக்கு."

"சத்தியமா..."

"எண்ண போட்டா நல்லா ஓடும்னு நீதான சொல்லுவ. பரவால்லய்யா, எனக்கு வரல. உடு."

அதைத்தான் சொல்வது, தன் வினை தன்னைச் சுடும் என்று. வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறேன், நம்ப ஆள் இல்லை. எனக்கு வழக்கம்போலக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது? ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கட்டைகளையே சைக்கிளில் திரும்ப மாட்டினேன். புதுசு சட்டைப் பையிலேயே இருந்தது. புதிதாக ஒரு சொட்டு எண்ணெய்கூட விடவில்லை. "ஏரிக்கர வரைக்கும் வா" என்று அவளைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். "நாஷ்டா சாப்பிட மாட்டேன்" என்றேன். சின்னப்பிள்ளைத்தனம்தான், ஆனால் வந்தாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால், அவள் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பின்னால்.

மதகுச் சரிவுக்கு மேலே வந்ததும் அவள் நின்றுவிட்டாள். அந்த இடத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன்.

"இன்னாய்யா பண்ற?"

"என் ரெண்டு கையையும் மட்டும் பாரு. வேற எதையும் பாக்காத" என்றேன்.

இரண்டு பிரேக்கையும் விரல் வெளுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு காலை எடுத்தேன். மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. கீழே போகும்போது காலைத் தேய்த்து எப்படியாவது இடது பக்கம் திருப்பிவிடலாம், நம்மால் முடியாதா என்று. வண்டி இறங்கியது. "புடிச்சுக்கினு கீறேன் பாரு, புடிச்சுக்கினுதான் கீறேன்" என்று கத்திக்கொண்டே போனேன். பாதியில் செருப்பு ஒன்று கழன்று எங்கோ போனது. திருப்பம் வந்தது, நான் திரும்பவில்லை. வாய்க்கால் வந்தது, அதற்குள் போனேன்.

இடுப்பளவு சேறு. சைக்கிள் என் மேல் கிடந்தது. அவள் சரிவில் ஓடி வந்தாள்.

"அடி பட்டுச்சா? எங்க பட்டுச்சு? பைத்தியமாய்யா உனக்கு?"

"பிரேக்கு புடிக்கல" என்றேன்.

"அது இன்னாவோ ஆவட்டும். அடி பட்டுச்சா சொல்லு."

"ரெண்டு கையாலயும் புடிச்சேன். பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்" என்றாள். "நீ புடிச்சுக்கினுதான் வந்த. அது நிக்கல."

"நிக்கல."

அப்படியே வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப மெதுவாக, "அப்போ நானும் புடிச்சேன்" என்றாள்.

"புடிச்ச."

"மேலயே புடிச்சேன்யா. கீழ வந்து விழற வரைக்கும் உடவே இல்ல. எனக்குத் தெரியும். நீ சொன்னப்புறம்தான் தெரியாமப் போச்சு." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "கை வலி கூட பரவால்ல. பதினோரு நாளா இந்தக் கையப் பாத்துப் பாத்து, நீ புடிச்சியா புடிக்கலயான்னு கேட்டுக்கினு கீறேன். அது பதிலே சொல்லல."

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. முகமெல்லாம் சேறு, அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ. "தப்பு என்னுதுதான்மே. எண்ண உட்டதும் தப்பு. உன்ன அப்டி சொன்னது அதவிடப் பெரிய தப்பு. மன்னிச்சுக்கோ" என்றேன். சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து வந்து நல்ல கையை, இடது கையை, என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். பாதி எழுந்தும்விட்டேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு தடவை உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் இந்தச் சனியன் பிடித்த வாய் நிற்க மாட்டேன் என்கிறது.

"இன்னொண்ணு கீது" என்றேன். "காஞ்சிவரத்துக் கடக்காரருகிட்ட, எண்ணய நீ உட்டதா சொல்லிட்டேன்."

அவள் கையை விட்டுவிட்டாள். மறுபடியும் சேற்றில் போய் உட்கார்ந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சைக்கிளை ஒற்றைக் கையால் இழுத்து வரப்பில் சாய்த்தாள். செயினில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துப் போட்டாள். முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அந்தத் தட்டைக் குனிந்து பார்த்தாள். வாய்க்கால் தண்ணீர் சில்லென்று இடுப்புக்குள் இறங்கியது.

"நாளைக்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போடறேன்" என்றாள் கடைசியில், சைக்கிளைப் பார்த்துக்கொண்டே. "கட்ட அவுத்துட்டு வியாயக்கெயமைலேருந்து வரேன்னு சொல்லப் போறேன்."

"சரி."

"புதுக் கட்டய நீ மாட்டு. நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும். எது எங்க போவுதுன்னு எனக்குத் தெரியணும்."

"சரி."

"அந்தக் கடைக்கி என்னையும் இட்டுக்கினு போற. எண்ணய உட்டது யாருன்னு நீ சொல்ற. நான் பக்கத்துல நிக்கறேன்."

நான் ஒரு கையிலிருந்த சேற்றை வழித்துப் போட்டேன், பிறகு இன்னொரு கையையும் வழித்தேன். அவள் காத்திருந்தாள். அவசரமே இல்லாமல் காத்திருந்தாள்.

"சரி" என்றேன்.

அதற்கப்புறம்தான் மறுபடியும் கையை நீட்டினாள்.